கேட்டு அடிக்கிற வேலை

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ இருக்கும் மலையில் செல்போன் எடுக்காது என்பதால் இந்தக் கடிதத்தை உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். போன் எடுத்திருந்தாலும் நான் எழுதித்தான் இருப்பேன். அது உனக்கே தெரியும்.

லேப்டாப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும். சுரங்கப்பாதை வேலைக்கு நீ கிளம்பிய அன்று காலையில், ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "புது சிஸ்டம் வந்திருக்கு, போட்டுடவா?" என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ போட்டுவிட்டாய். "இனிமே பறக்கும் பாரு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அண்ணா, அது பறக்கவில்லை. படுத்துவிட்டது.

மற்றதெல்லாம் நன்றாகவே ஓடுகிறது. வைஃபை மட்டும் நிற்பதில்லை. திரையின் மூலையில் விசிறி மாதிரி ஒரு அடையாளம் இருக்குமே, அது மறைந்து பூமி உருண்டை வந்துவிடுகிறது. சில சமயம் அதுவாகவே திரும்ப வரும். சில சமயம் வராது, அணைத்துப் போட வேண்டும். புது சிஸ்டம் போடுவதற்கு முன்னால் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

"என் தங்கச்சி டைப் அடிக்கிறா" என்று நீ அங்கே சொல்லிக்கொள்வதாக அம்மா சொன்னாள். வெறும் டைப் இல்லை அண்ணா. ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பில் காது கேட்காத மாணவி ஒருத்தி இருக்கிறாள். வகுப்பில் ஆசிரியர் பேசுவது இங்கே என் காதில் கேட்கும். அதை நான் உடனுக்குடன் அடித்தால் அவள் மேசையில் இருக்கும் திரையில் எழுத்தாக ஓடும். அவளுக்குப் பாடம் என்பது அந்த எழுத்துதான். அம்மா இதற்கு "கேட்டு அடிக்கிற வேலை" என்று பெயர் வைத்திருக்கிறாள். அதுதான் சரியான பெயர்.

பூமி உருண்டை வந்தால் அவளுக்குப் பாடம் நின்றுவிடும். திரும்ப இணையும்போது அவளிடமிருந்து ஒரு கேள்விக்குறி வந்து கிடக்கும். வார்த்தை எதுவும் இருக்காது, வெறும் கேள்விக்குறி. நேற்று கணக்கு வகுப்பில் அது வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

பள்ளியின் மேற்பார்வை அம்மா மெயில் அனுப்பியிருக்கிறார். இந்த மாதக் கடைசியில் ஒரு நாள் அவரே வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அன்றும் இணைப்பு அறுந்தால் வேறு ஆளை வைத்துவிடுவார்களாம். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் வேறு எந்த வேலைக்குப் போனாலும் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். பேசாமல் செய்யக்கூடியதாக எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அந்த வகுப்பு பிடித்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கோபம்தான்.

உன் தங்கை

---

ஜூன் 9

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்து சேர்ந்தது. "யாருடா காதல் கடுதாசி?" என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கிவிட்டார். "லேப்டாப்ல நெட் வரலன்னு தங்கச்சி எழுதியிருக்கா" என்றேன். ஒருத்தனும் நம்பவில்லை.

முதலில் ஒன்று. போட்டுடவா என்று கேட்டேன் அல்லவா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன, வாயில் பூட்டா போட்டிருந்தாய்? நீ சும்மா இருந்தாய், சரி என்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, சிஸ்டம் மேல் பழி போடாதே. சுரங்கத்துக்குள் விளக்குக்கு வயர் இழுக்க வருவதற்கு முன்னால் நான் வருஷக்கணக்கில் கம்ப்யூட்டர் கடையில் குப்பை கொட்டியவன். நெட் போகிறது என்று வந்தவர்களில் பாதிக்கு மேல் மோடம் கோளாறுதான். அம்மா அதை பீரோவுக்குப் பின்னால் தள்ளி, தூசி படக் கூடாது என்று துண்டு போட்டு மூடியிருப்பாள். போய்ப் பார். நான் சொன்னது சரியாக இருக்கும். அதை எடுத்து ஜன்னல் ஓரம் வை. கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் திரும்பச் செருகு.

அதிலும் சரியாகவில்லை என்றால், லேப்டாப்பில் நம் வீட்டு வைஃபை பெயரை அழுத்தி 'மறந்துவிடு' என்பதைக் கொடு. பயப்படாதே. பழைய பழக்கத்தையெல்லாம் அழித்துவிட்டு, பள்ளிக்கூடம் மாறி வந்த பையன் மாதிரி முதலிலிருந்து பழகிக்கொள்ளும்.

வேறு எதையும் நோண்டாதே. அம்மாவை மாத்திரை போடச் சொல்.

உன் அண்ணன்

---

ஜூன் 12

அண்ணனுக்கு,

துண்டு போட்டு மூடியிருந்தது உண்மைதான். எடுத்தேன். மோடத்தை ஜன்னலில் வைத்தேன். பிடுங்கிச் செருகினேன். ஒரு பயனும் இல்லை.

பிறகு 'மறந்துவிடு' கொடுத்தேன். நன்றாக மறந்துவிட்டது. பாஸ்வேர்டு கேட்டது.

எல்லாவற்றிலும் நீதான் போட்டுக் கொடுத்தாய். எனக்கு அது என்னவென்று தெரியாது. அம்மாவைக் கேட்டேன். "எனக்கென்னடி தெரியும்? கீழ டெய்லர் மாமாகிட்ட கேளு. அவருக்குத்தான் உங்கண்ணன் சொல்லிக் குடுத்தான், நம்ம நெட்தானே அவங்களுக்கும்" என்றாள். கீழே போனேன். தையல் கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை படியில் நின்றேன். வகுப்பு தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது.

டெய்லர் மாமா பாஸ்வேர்டை வாயால் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார், கீழே வைத்தார், திரும்ப எடுத்தார். "அது வந்து பாப்பா, உங்கண்ணன் வெளையாட்டுக்கு வெச்சது. நீ மனசுல வெச்சுக்காத" என்று சொல்லிச் சுவரைக் காட்டினார். அளவு நாடா தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், துணியில் கோடு போடும் சாக்பீஸால், வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் எழுதியிருந்தது. ஆங்கில எழுத்தில், ஊமைக்கோட்டான். பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

சட்டைக்கு அளவு கொடுக்கக் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொருவரும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். "யாருங்க இது?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். டெய்லர் மாமா மாடியைக் காட்டியிருப்பார்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். புதியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வைஃபை இன்னும் அறுந்துகொண்டுதான் இருக்கிறது.

---

ஜூன் 16

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தின் தலையில் 'அன்புள்ள' இல்லை, காலில் 'உன் தங்கை' இல்லை. பார்த்தேன்.

இதை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் சிமென்ட் பை கணக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். "இப்ப நெசமாவே காதல் கடுதாசிதான்டா" என்கிறார் மேஸ்திரி.

அந்தப் பெயரை வைத்த சமயம் நீ என்னோடு பேசாமல் இருந்தாய். என்ன காரணம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கடுப்பில் வைத்தேன், வைத்ததையே மறந்தும் போனேன். டெய்லர் மாமா அதைச் சுவரில் எழுதுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் நீ படியில் நின்றதை எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சுவரைத் துடைக்கச் சொல்லி அவருக்குத் தனியாக ஒரு சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு. மன்னித்துவிடு என்று எழுதினால் நாடக வசனம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அதுதான்.

இனி லேப்டாப். உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. இது என்ன கோளாறு என்று எனக்குப் பிடிபடவில்லை. கடையில் என்றால் பெட்டி கைக்குள் இருக்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. சந்தேகங்களை மட்டும் எழுதுகிறேன். வைஃபை சில்லையும் சிஸ்டத்தையும் ஒன்றோடொன்று பேச வைக்கிற சின்ன புரோகிராம் ஒன்று உண்டு, டிரைவர் என்பார்கள். புது சிஸ்டம் அதையும் மாற்றியிருக்கும். பழையதற்குத் திரும்ப ஒரு பட்டன் இருக்கும், அழுத்திப் பார். அடுத்தது டெய்லர் மாமாவின் தையல் மெஷின் மோட்டார். அது ஓடும்போது தொந்தரவு செய்யலாம். மோடம்தான் கெட்டதா என்று தெரிய அம்மா செல்போனிலிருந்து நெட் எடுத்துப் பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, எப்போது அறுந்துபோகிறது என்று கவனி. எப்போது அறுந்துபோகவில்லை என்பதையும் கவனி. அது உன்னால் முடியும். நம் வீட்டில் அடுத்தவர் பேசுவதைக் கடைசிவரை கேட்கிற ஆள் நீ ஒருத்திதான்.

அண்ணன்

---

ஜூன் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

'அன்புள்ள' போட்டிருக்கிறேன். அதில் பாதிதான் உனக்கு.

பழைய டிரைவருக்குத் திரும்பும் பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. அழுத்தினால் அழுந்தவில்லை. அம்மா செல்போனிலிருந்து நெட் எடுத்தேன். அதிலும் அறுந்தது. ஆகவே மோடம் நிரபராதி. ஜன்னலில் வெயில் படுகிறதென்று அம்மா அதற்குத் திரும்பத் துண்டு போட்டுவிட்டாள்.

அடுத்து தையல் மெஷின். எப்படிப் போய்ச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது டெய்லர் மாமாவே மாடி ஏறி வந்துவிட்டார்.

"பாப்பா, பாஸ்வேர்ட மாத்திட்டியாமே. நாடகம் பாக்க முடியலன்னு உங்க அத்தை என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டேங்கறா."

நான் பேசாமல் நின்றேன்.

"சுவர தொடச்சிட்டேன்மா. தொடச்சும் நிழல் மாதிரி தெரிஞ்சுது, பெயின்டே அடிச்சிட்டேன். வேணும்னா வந்து பாரு."

"மெஷின நிறுத்தணும்" என்றேன்.

"எந்த மெஷின?"

"தையல் மெஷின. கணக்கு கிளாஸ் முடியறவரைக்கும். அப்புறம் பாஸ்வேர்டு."

"அடேங்கப்பா! பேசாத புள்ள பேசினா பேரமா பேசுது!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். வகுப்பு முழுக்க மெஷின் சத்தமே இல்லை. அப்போதும் அறுந்தது. மோட்டாரும் நிரபராதி. பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சுவரில் எழுதக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதினேன்.

இணையத்திலும் தேடினேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகச் சிஸ்டம் போடு என்கிறார். பயந்து மூடிவிட்டேன்.

ஆனால் நீ கவனிக்கச் சொன்னதைச் செய்தேன். வரலாறு டீச்சர் வகுப்பில் ஒரு முறைகூட அறுந்ததில்லை. அவர் மூச்சு விடாமல் பேசுகிறவர். அறிவியலில் எப்போதாவது அறுந்துபோகும். கணக்கு சார் வகுப்பில் மட்டும் ஓயாமல். அவர் மேல் இந்த லேப்டாப்புக்கு ஏதோ பகை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. திரும்ப இணைந்தவுடன் என் காதில் முதலில் விழுவது எப்போதும் அவருடைய அதே வார்த்தைகள். "எழுதியாச்சா எல்லாரும்?"

அவர் பலகைப் பக்கம் திரும்பினால் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறவர். வெள்ளைப் பலகையில் பேனா என்பதால் உரசும் சத்தம்கூட இல்லை. அந்த நேரத்தில் என் காதுக்கு ஒன்றும் வராது, நானும் ஒன்றும் அடிக்க மாட்டேன். வருவதும் இல்லை, போவதும் இல்லை. அதைப் பார்த்து, இங்கே யாருக்கும் வைஃபை தேவைப்படவில்லை என்று புது சிஸ்டம் அதை அணைத்துவிடுகிறது போல. சோதித்தும் பார்த்தேன். மத்தியான இடைவேளையில் வகுப்பு இணைப்பைத் திறந்துவைத்து, கைகட்டி உட்கார்ந்தேன். அறுந்தது. ஒரு செய்திச் சேனலை ஓடவிட்டு உட்கார்ந்தேன். கடைசிவரை அறுந்துபோகவில்லை. ஆனால் பாடம் நடக்கும்போது சேனலையும் ஓடவிட்டால் லேப்டாப் திணறுகிறது, சாரின் பேச்சு துண்டு துண்டாக வருகிறது. அந்த வழி உதவாது.

சும்மா இருக்கிறவளுக்கு எதுவும் வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வதில் நீயும் புது சிஸ்டமும் ஒரே ஜாதி.

இதற்கு எங்காவது ஒரு சுவிட்சு இருக்கும். எங்கே என்று எழுது. மேற்பார்வை அம்மா 27ஆம் தேதி வருகிறார். கணக்கு வகுப்புக்குத்தான் வருகிறார். உன் பதில் அதற்குள் வர வேண்டும்.

தங்கை

---

ஜூன் 23

தங்கச்சி,

நீ சொன்னதுதான்! நான் மோடம், மோட்டார் என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ உட்கார்ந்த இடத்தில் பிடித்துவிட்டாய். மேஸ்திரியிடம் கடிதத்தைப் படித்தே காட்டினேன். "இந்தப் பொண்ண இங்க அனுப்பிட்டு நீ வீட்டுக்குப் போடா" என்கிறார்.

சுவிட்சு இருக்கிறது. 'டிவைஸ் மேனேஜர்' என்று தேடித் திற. 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதற்குக் கீழே வயர்லெஸ் என்று பெயர் உள்ளதன் மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போ. அதில் 'பவர் மேனேஜ்மென்ட்' இருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வரி, அதற்கு முன்னால் ஒரு டிக். அந்த டிக்கை எடுத்துவிடு, அவ்வளவுதான். யாரையும் கேட்காமல் புது சிஸ்டம் தானாகப் போட்டுக்கொண்ட டிக் அது. (என்னைச் சொல்ல வருகிறாய், தெரியும்.)

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் கடிதத்தைக் கொண்டுவந்த லாரி இறங்கியதும் பாதையில் மண் சரிந்துவிட்டது. நடந்து இறங்குகிற ஒருவர் கையில் இதைக் கொடுக்கப் போகிறேன். 27க்குள் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று மேலே எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன். அங்கே அடித்திருப்பது அதுதான். கிடைத்துவிடும்.

அண்ணன்

---

ஜூலை 1

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது, ஓரமெல்லாம் நனைந்து. 27ஆம் தேதி எப்போதோ போய்விட்டது.

முதல் நாள் மாலைவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வை அம்மாவுக்கு விஷயத்தை விளக்கி மெயில் அனுப்பினேன். 'உங்கள் பக்கத்துக் கோளாறை நீங்களே சரிசெய்துகொள்ளவும்' என்று ஒரு வரி பதில் வந்தது.

கணக்கு வகுப்பு தொடங்கியது. சார், "நேத்து விட்ட எடத்துல இருந்து" என்றார். அடித்தேன். அதோடு அவர் பேச்சு நின்றது. பலகைப் பக்கம் திரும்பிவிட்டார் என்று தெரிந்தது. பூமி உருண்டை. காத்திருந்தேன். "எழுதியாச்சா எல்லாரும்?" கேள்விக்குறி வந்து கிடந்தது. அவளுக்குப் பக்கத்தில் மேற்பார்வை அம்மா உட்கார்ந்து அதே வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சார் எழுதும்போது வாயாலும் சொன்னால் போதும். "சாரிடம் சொல்" என்று அந்த மாணவிக்கு அடித்திருக்கலாம். ஆனால் அவள் எழுந்து நிற்க வேண்டும். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்கும். ஒன்பதாம் வகுப்பில் நான் நின்றது உனக்குத் தெரியும். பதில் தெரிந்தும் குரல் வராமல் மணி அடிக்கும்வரை நின்றேன், மறுநாளிலிருந்து பள்ளிக்கே போகவில்லை. எனக்கு வேண்டிய ஒன்றுக்காக இன்னொருத்தியை நிற்க வைக்க மனம் வரவில்லை.

மைக்கைத் திறந்தேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அதை நான் தொட்டதே இல்லை.

"சார்."

சாரின் மேசையில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கேட்டிருக்கும். வகுப்பு சட்டென்று அடங்கியது.

"யாருப்பா அது?"

"நான்தான் சார். அடிக்கிறவ."

"யார அடிக்கிறவ?" என்று ஒரு பையன் கேட்டான். ஒரே சிரிப்பு. காது சுட்டது. ஆனால் நான் நாற்காலியில்தான் இருந்தேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது கொஞ்சம் உதவியது.

"நீங்க பேசறத டைப் பண்றவ சார். நீங்க போர்டுல எழுதறப்ப பேசாம எழுதறீங்க. பேச்சு நின்னா இங்க லைன் கட்டாயிடுது சார். எழுதறப்ப வாயாலயும் சொல்லுங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. சார் பக்கமும் சத்தம் இல்லை. இந்த அமைதியிலேயே அறுந்துவிடப் போகிறதே என்று விசிறி அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் சார். அவ்வளவுதான். பிறகு ஆரம்பித்தார் பார். "எக்ஸ் இந்தப் பக்கம் வருது, வந்துட்டுது, சமன் போடறேன், கோடு கோணலாப் போச்சு, டஸ்டர யாருப்பா எடுத்தது, இங்கதான் வெச்சேன்..." எல்லாவற்றையும் அடித்தேன். மணி அடிக்கும்வரை விசிறி அசையவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. காதில் விழுவதையெல்லாம், யார் பேசியது என்று முன்னால் போட்டு அடிக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. ஆசிரியர், மாணவன், மாணவி, இவ்வளவுதான் இதுவரை. எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று அவளுக்கு மட்டும் தெரியாது. ஆகவே சார் டஸ்டர் தேடிய இடைவெளியில் நடந்ததை வரிசையாக அடித்தேன். என் வரிக்கு முன்னால் என்ன போடுவதென்று தெரியவில்லை. ஆசிரியரும் இல்லை, மாணவியும் இல்லை. 'நான்' என்று போட்டேன்.

வேலை நிலைத்துவிட்டது. மேற்பார்வை அம்மாவிடமிருந்து அன்று மாலையே மெயில் வந்தது, வழக்கம்போல ஒரே வரி: 'தொடரலாம்.' நேற்று நீ சொன்ன டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது யார் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் அறுந்துபோவதில்லை. இனிப் பேச வேண்டியதில்லை என்று சாரிடம் நான் சொல்லவில்லை. அவர் பலகையோடு பேசிக்கொண்டே எழுதுவது வகுப்புக்குப் பிடித்திருக்கிறது.

முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். 27ஆம் தேதி கணக்கு வகுப்பு முடிந்ததும் அவளிடமிருந்து செய்தி வந்தது. முதல் முறையாக வார்த்தையாக.

'நீ ஆளா? இவ்ளோ நாள் மெஷின்னு நெனச்சேன்.'

'ஆள்தான்' என்று அடித்தேன்.

'அய்யோ. அந்தக் கேள்விக்குறியெல்லாம் மெஷின திட்டி அனுப்பினது.'

'பரவாயில்ல. நானும் இங்க மெஷினத்தான் திட்டிட்டு இருந்தேன்.'

'எந்த வகுப்பு படிக்கிற?'

விரலை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. வரலாறு டீச்சர் உள்ளே வந்துவிட்டார், எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் ஆரம்பித்துவிட்டால் பிறகு எனக்குக் கை ஓயாது. அதற்குள் அடித்து அனுப்பினேன்.

'உன் வகுப்புதான்.'

உன் தங்கை